வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்: இதய நோயுள்ள பிள்ளையின் தகப்பன் எழுதுவது

அரசாங்கத்தின் குடும்பநல உத்தியோகத்தர் சேவையைப் பற்றி எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் ‘மிட்வைஃப் மிஸ்’ என்றால்தான் எல்லோருக்கும் விளங்கும். ஒரு சதமும் செலவில்லை. பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள் இரண்டு தரம், பிறகு 42ஆம் நாளளவு வரை இன்னும் இரண்டு தரம் வீடு வந்து பார்ப்பது முறை. எங்கள் மகளுக்கு இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை என்று எக்கோ என்கிற இதய ஸ்கானில் தெரிந்த பிறகு, எங்கள் மிஸ் முறைக்கு மேலாகவே வந்தார்.

பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு வந்த சொந்தக்காரர் என் மனைவியைக் குடைந்துகொண்டிருந்தார்கள். கிரகணத்தன்று வெளியே போனாயா, அன்னாசி தின்றாயா என்று. அவள் வாயே திறக்கவில்லை. உள்ளே வந்த மிஸ் பையை இறக்கி வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“பிள்ளையின்ர இதயம் முதல் எட்டுக் கிழமைக்குள்ளயே உருவாகிடும். வயித்தில பிள்ளை எண்டு தாய்க்கே தெரியவாற நேரம் அது. இவ திண்டதாலயோ வெளியில போனதாலயோ வந்ததில்லை. நூறு பிள்ளை பிறந்தால் கிட்டத்தட்ட ஒரு பிள்ளைக்கு இதயத்தில ஏதாவது குறை இருக்கும்.”

அந்தக் கேள்வி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை. மனைவி அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள். இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பில் பாதி அந்த ஐந்து நிமிடத்துக்கு.

பிறந்தபோது நன்றாக இருந்த பிள்ளைக்கு ஒரு மாதம் கழித்து ஏன் மூச்சு வாங்குகிறது என்பதையும் அவர்தான் எங்களுக்கு விளங்கும்படி சொன்னார். பிறந்த புதிதில் நுரையீரலில் அழுத்தம் கூட. அது குறையக் குறைய, ஓட்டைக்குள்ளால் கூடுதல் இரத்தம் நுரையீரலுக்குப் பாயும். அதனால்தான் பால் குடிக்கும்போதே பிள்ளை களைத்து, நெற்றி வியர்க்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கச் சொன்னார். உறிஞ்சக் களைத்தால் பாலைக் கறந்து சின்னக் கோப்பையால் பருக்கப் பழக்கினார். ஒவ்வொரு முறையும் துணியில் தூக்கி நிறை பார்த்து, கொப்பியில் வளர்ச்சிக் கோட்டைக் கீறிக் காட்டுவார். ஐம்பது கிராம் ஏறினாலும் மனைவியின் முகம் மாறிவிடும். இரண்டாம் மாத ஊசியைப் பிற்போடலாமா என்று கேட்டோம். டொக்டர் வேண்டாமென்று சொல்லாவிட்டால் நேரத்துக்குப் போடத்தான் வேண்டும் என்றார்.

எனக்குள்ள குறை ஒன்றுதான். வருகை பகலில். தகப்பன் வேலைக்குப் போயிருக்கும் நேரம். இரவில் பிள்ளைக்குப் பக்கத்தில் விழித்திருப்பது நான், ஆனால் எனக்கென்று யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. கடைக்கு லீவு போட்டு வீட்டில் நின்ற நாளில்தான் மூச்சு எண்ணப் பழகினேன்: பிள்ளை தூங்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 60ஐத் தாண்டினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. தகப்பன்மாருக்காகக் கிழமையில் ஒரு பின்னேரமாவது வேண்டும். இந்தச் சேவைக்கு ஐந்து புள்ளிக்கு நாலரை தருகிறேன். குறைந்த அரை அதற்காகத்தான்.

இன்னொன்று. ஒப்பரேஷனுக்கு கொழும்பு பொரளை லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போகவேண்டும், கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். எங்களுக்குச் சிங்களம் ஓடாது. எங்கே தங்குவது என்றும் தெரியாது. மிஸ் தன் பகுதியில் அங்கே போய்வந்த ஒரு குடும்பத்திடம் முதலில் சம்மதம் கேட்டு, பிறகு எங்களை அனுப்பினார். அந்தத் தாய் மகனைக் கூப்பிட்டு, சட்டையை உயர்த்தி நெஞ்சுத் தழும்பைக் காட்டினார். அவன் நெளிந்து கழன்று முற்றத்துக்கு ஓடிவிட்டான். எங்கே தங்கினார்கள், என்னென்ன கொண்டுபோனார்கள் எல்லாம் அவரே எழுதித் தந்தார். உங்கள் வீட்டிலும் இப்படியொரு பிள்ளை இருந்தால், இப்படிப் போய்வந்த குடும்பம் யாராவது இருக்கிறதா என்று உங்கள் மிஸ்ஸிடம் நீங்களாகவே கேளுங்கள்.