மேப்பில் பச்சை அடித்த ‘பூங்கா’வை நம்பி மனை வாங்காதீர்கள்

மூன்று வருடத்துக்கு முன்பு தஞ்சாவூர் பக்கம் ஒரு மனைப்பிரிவில் 1,500 சதுர அடி வாங்கினோம். போட்ட 12 லட்சம் ரூபாய் முடங்கிக் கிடக்கிறது. அந்த மனைப்பிரிவால் ஒரு பாசன வாய்க்காலும் காணாமல் போனது. அதில் எங்கள் பங்கும் இருக்கிறது என்பதுதான் பணம் போனதைவிட அதிகமாக உறுத்துகிறது.

இடம் பார்க்கப் போனது வைகாசியில். மூன்று ஏக்கர், சுற்றிலும் அறுவடை முடிந்த வயல். மேப்பில் நடுவே 30 சென்ட், எங்கள் ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு மா, பச்சை அடித்து ‘பூங்கா’ என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் என் மனைவிக்கு இடம் பிடித்தது. பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறதே என்றாள். புரோக்கர் இன்னொன்றும் சொன்னார்: “சார், இது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். சுத்தியிருக்கிற வயலை யாரும் தொட முடியாது. காலத்துக்கும் பச்சைப் பசேல்னு இருக்கும்.”

மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் நகர் ஊரமைப்புத் துறையின் (டிடிசிபி) அங்கீகாரம் பற்றிக் கேட்டேன். “பத்திரம் பதிவாகுதுல்ல சார், அப்புறம் என்ன?” என்றார். பதிவும் ஒரு தடங்கல் இல்லாமல் நடந்தது. சரி, அரசாங்கமே பதிந்து கொடுத்துவிட்டது என்று நிம்மதியாக வந்தோம்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, சில நாளில் தண்ணீர் வயலுக்கு வந்தபோதுதான் முதல் அடி. கல் நட்ட இடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்து வயல்காரப் பெரியவர் ஒருவர் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். “தம்பி, நீங்க நிக்கிற ரோடுதான் எங்க வாய்க்கா” என்றார். நாங்கள் இடம் பார்க்கப் போனபோது, வைகாசியில், அது கிராவல் கொட்டிய 20 அடிச் சாலையாக இருந்தது. தண்ணீர் இல்லாத மாதத்தில் பார்த்ததால் சந்தேகமே வரவில்லை. ஐப்பசி மழையில் வடிய வழியில்லாமல் எங்கள் மனையில் முழங்கால் தண்ணீர் நின்றது. மேட்டில் எங்கள் கல் மூழ்கியது பெரிதில்லை, பள்ளத்தில் அவருடைய சம்பா நாற்று அழுகியது. அவர் என்னைத் திட்டக்கூட இல்லை.

அடுத்த தையில் மனை விற்றவர்கள் பூங்கா இடத்தில் கல் நட்டார்கள். எட்டு மனை. கேட்டதற்கு, “அது எங்க பட்டா நிலம், நாங்க விக்கிறோம்” என்று பதில் வந்தது.

அப்புறம்தான் வழக்கறிஞரிடம் போனோம். அவர் முதலில் செய்தது, மொத்த சர்வே எண்ணுக்கும் வில்லங்கம், அதாவது அந்த நிலத்தில் இதுவரை நடந்த பதிவுகளின் பட்டியல், போட்டுப் பார்த்தது. நான் பார்த்தது என் மனை எண்ணுக்கு மட்டும். உண்மை அங்கே கிடந்தது. 2014-லேயே எல்லா மனைகளையும் விற்றவர்கள் தங்கள் உறவுக்காரர்கள் பெயரில் ஒருமுறை பதிந்து வைத்திருக்கிறார்கள். பூங்கா என்று காட்டிய இடமும் அதில் எட்டு மனையாகப் பதிவாகியிருந்தது. அதாவது எங்களிடம் அந்த மேப்பை நீட்டும்போதே பூங்கா கிடையாது.

அந்தப் பழைய பதிவு இப்போது எப்படிப் பயன்படுகிறது என்பதையும் வழக்கறிஞர் விளக்கினார். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி பதிய முடியாது. ஆனால் அதே மனை அதற்கு முன்பே மனையாக ஒருமுறை பதிவாகியிருந்தால் மறுபடி பதியலாம். பழைய பதிவைப் பிடித்துக்கொண்டு விற்கிறார்கள். ஆகவே தயவுசெய்து, பதிவாகிறது என்பதை அங்கீகாரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வரன்முறை, அதாவது அங்கீகாரம் இல்லாத மனையைப் பணம் கட்டி முறைப்படுத்துவது, செய்து தருகிறோம் என்றாலும் யோசியுங்கள். 2017 வரன்முறைத் திட்டத்தில் பணம் கட்டினால் மனைக்கு வழி பிறக்கலாம், போன திறந்தவெளி திரும்பி வராது. நீர்வழியை மறித்த மனைக்கு அதுவும் கிடையாது.

முறையாக அங்கீகாரம் வாங்கியிருந்தால், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும். மூன்று ஏக்கர் என்பது 12,000 சதுர மீட்டருக்கு மேல். அப்படி ஒதுக்கிய பூங்காவை நீதிமன்றம் விட்டுக்கொடுக்காது. பெங்களூரில் பூங்கா இடத்தை மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லியிருக்கிறது. எங்களுக்கு அதைக் காட்டி வாதாட வழியில்லை. அங்கீகரித்த வரைபடமும் இல்லை, தானப் பத்திரமும் இல்லை.

வேளாண் மண்டலம் என்று புரோக்கர் சொன்னதும் பாதி உண்மைதான். 2020-ல் வந்த அந்த மண்டலச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பு, தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றை. மனை போடுவது அந்தப் பட்டியலில் இல்லை. டெல்டாவில் இருப்பவர்களே பலர் இதைத் தெரியாமல் இருக்கிறோம்.

மனை வாங்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஊராட்சிக்குப் போய்ப் பூங்காவின் தானப் பத்திர நகலைக் கேளுங்கள். தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள். கிராமத்து நில விவரம் இருக்கும் அ-பதிவேட்டில் நிலம் நஞ்சையா என்று பாருங்கள். சர்வே எண்ணின் எல்லைகளைக் காட்டும் அரசு வரைபடமான புலப்படத்தை வாங்கி, விற்பவரின் மேப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் புலப்படத்தில் வாய்க்கால் புறம்போக்கு தெளிவாக இருந்தது, நாங்கள்தான் பார்க்கவில்லை. இன்னொன்று, பக்கத்து வயல்காரரிடம் தண்ணீர் எப்படி வரும், எப்படி வடியும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தப் பத்திரத்திலும் இல்லாதது அவருக்குத் தெரியும்.

மனையை விற்றுவிடச் சொல்கிறார்கள். இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்ட எங்களுக்கு மனம் இல்லை. மனை வாங்கிய பதினோரு பேரும் அந்தப் பெரியவரும் சேர்ந்து, திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்திருக்கிறோம். மனையைப் பற்றிக் கேட்கவில்லை, வாய்க்காலை அளந்து திறந்துவிடச் சொல்லித்தான் கேட்டிருக்கிறோம். சர்வேயர் வந்து அளக்கும்போது என் மனைக்கு முன்னால் இருக்கும் சாலை போகும். போகட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.