கடைசி 10 கிலோமீட்டர் போதாது: 12 டூர் டி பிரான்ஸ் பார்த்த அனுபவம்

2014-ல், பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ் பார்க்க ஆரம்பித்தேன். 2025-ஓடு 12 டூர் ஆகிவிட்டது. முதல் ஐந்தாறு வருடம் நான் பார்த்த முறை ரொம்பச் சுலபம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஹைலைட்ஸ் போடுவேன். யார் ஜெயித்தார்கள், மொத்த நேரத்தில் முன்னால் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சி யாரிடம் இருக்கிறது, அவ்வளவுதான். 21 ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ்), கிட்டத்தட்ட 3,400 கிலோமீட்டர் ஓடும் பந்தயத்தை ஒரு நாளைக்கு 20 நிமிடத்தில் முடித்துவிட்டு, சைக்கிள் பந்தயம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பை உடைத்தது 2019-ல் ஆல்பியில் முடிந்த பத்தாவது ஸ்டேஜ். சமதளம், கடைசி சில நூறு மீட்டரில் பாய்ந்து ஜெயிக்கும் ஸ்பிரின்டர்களுக்கான நாள். முடிவைப் பார்த்தால் பிரெஞ்சு வீரர் டிபோ பினோ 1 நிமிடம் 40 விநாடி பின்னால் நிற்கிறார். கீழே விழவில்லை, பஞ்சர் ஆகவில்லை. மலையே இல்லாத ரோட்டில் ஒருவர் எப்படி அவ்வளவு நேரத்தை இழக்க முடியும்? ஹைலைட்ஸில் அதற்குப் பதிலே இல்லை. கல்லூரிக் காலத்திலிருந்து கூட இருக்கும் நண்பனுக்குப் போன் அடித்தேன். அவன் வாரக்கடைசியில் சைக்கிள் ஓட்டுகிறவன். “காத்து மாப்ள. நீ முழுசா பாக்கல, அதான் புரியல” என்றான்.

காற்று என்று அவன் சொன்னது இதைத்தான். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்றின் எதிர்ப்பு வெகுவாகக் குறைகிறது. அதனால்தான் பெலோட்டான், அதாவது வீரர்களின் பெரும்பகுதி, கூட்டமாகப் போகிறது. காற்று பக்கவாட்டிலிருந்து அடித்தால் நேர் பின்னால் ஒதுங்க முடியாது. முன்னவருக்குச் சற்றுப் பக்கத்தில், சாய்கோடாக நிற்க வேண்டும். ரோட்டின் அகலத்துக்கு 15, 20 பேர்தான் அப்படி நிற்க முடியும். 21-ஆவது ஆள் ரோட்டோர விளிம்பில், காற்றை முழுக்க நெஞ்சில் வாங்கிக்கொண்டு மிதிக்கிறான். அவனுக்குப் பின்னால் இன்னும் 100 பேர். முன்னால் இருக்கும் அணி அந்த நொடியில் வேகத்தை ஏற்றினால் கயிறு அறுந்த மாதிரி கூட்டம் இரண்டாகிவிடும். பினோ தவறான பாதியில் மாட்டிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு அதே பக்கத்தில், மியோவிலிருந்து லவோருக்குப் போன ஏழாவது ஸ்டேஜை முதலிலிருந்து பார்த்தேன். இந்த முறை மாட்டியது ஸ்லோவேனிய வீரர் தடே பொகாச்சார். 1 நிமிடம் 21 விநாடி போனது. இரண்டு வாரம் கழித்து லா பிளான்ஷ் தே பெல் ஃபீ மலையில் முடிந்த டைம் ட்ரயலில் (ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு ஓட்டும் ஸ்டேஜ்) அதுவரை முன்னால் இருந்த ப்ரிமோஷ் ரோக்லிச்சைத் தாண்டி, மொத்தத்தில் 59 விநாடி வித்தியாசத்தில் டூரையே வென்றார். லவோரில் போன நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்த டைம் ட்ரயலைப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய ஓட்டம் என்று புரிந்திருக்கும்.

அன்றிலிருந்து என் பழக்கம் மாறியது. ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் பந்தயத்தை நடத்துகிறவர்கள் ஒரு நேர அட்டவணை வெளியிடுவார்கள். வீரர்கள் எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடப்பார்கள் என்று மூன்று வேகக் கணக்கில் போட்டிருப்பார்கள். நடு வேகத்தை எடுத்து, மூன்றரை மணி நேரம் கூட்டி நம் நேரமாக்கி, மலை வரைபடத்தின் மேல் பேனாவில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவேன். எந்த ஏற்றத்தின் அடிவாரத்துக்கு நான் டிவி முன்னால் இருக்க வேண்டும் என்பது காலையிலேயே தெரிந்துவிடும். வீட்டு வேலையும் அதற்கேற்றபடி ஓடும்.

இப்படிப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நாள் 2022 ஜூலை 13. ஆல்பெர்வில்லிலிருந்து கோல் தியூ கிரானோன் மலைக் கணவாய் வரை 151.7 கிலோமீட்டர். கிரானோன் டூரில் அதற்கு முன் கடைசியாக வந்தது 1986-ல். 2,413 மீட்டர் உயரம், கடைசி 11 கிலோமீட்டரும் சராசரியாக 9 சதவீதத்துக்கு மேல் ஏற்றம். பொகாச்சார் மஞ்சளில் இருந்தார், டென்மார்க்கின் யோனாஸ் விங்ககோவைவிட 39 விநாடி முன்னால். அன்று சீக்கிரமே கிளம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விங்ககோவும் ரோக்லிச்சும் இருந்த யும்போ விஸ்மா அணி முதல் கிலோமீட்டரிலேயே தங்கள் ஆள் வவுட் வான் ஆர்ட்டை முன்னால் அனுப்பிவிட்டது. ஜெயிப்பதற்காக அல்ல. பின்னால் தலைவருக்குத் தேவைப்படும்போது மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக. பிறகு முடிவுக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே டெலிகிராஃப் மலையில் அடி விழ ஆரம்பித்தது. அடுத்த மலையான கலிபியேயின் அடிவாரத்தில் ரோக்லிச் ஒரு முறை பாய்கிறார், பொகாச்சார் துரத்திப் பிடிக்கிறார். பிடித்த மறுகணம் விங்ககோ பாய்கிறார். அதையும் பிடிக்கிறார். மறுபடி ரோக்லிச். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் அடிக்கிறார். பொகாச்சாருக்கு மூச்சு வாங்க நேரமே இல்லை, பக்கத்தில் தன் அணியாள் ஒருவரும் இல்லை. “எல்லாத்துக்கும் இவனே பதில் சொல்றானே, இது சரியில்ல மாப்ள” என்று நண்பன் போனில் புலம்பிக்கொண்டிருந்தான். எனக்கோ பொகாச்சார் சிரித்த முகமாகத் தெரிந்தார். கலிபியே உச்சிக்கு முன்னால் அவரே வேகம் வைத்து விங்ககோவைத் தவிர எல்லோரையும் உதிர்த்தபோது, இவரை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று நான் பந்தயமே கட்டினேன்.

கிரானோனில் 5 கிலோமீட்டர் இருக்கும்போது நான் பணம் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்த செயலி நின்றுவிட்டது. திரையில் வட்டம் சுற்றுகிறது. விங்ககோவின் பாய்ச்சலை நான் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டேன். “போயிட்டான்... போயிட்டான் மாப்ள. பொகாச்சார் சீட்ட விட்டு எழுந்திருக்கவே இல்ல. ஜெர்சி ஜிப்பெல்லாம் திறந்து கெடக்கு.” படம் திரும்பி வந்தபோது மஞ்சள் ஜெர்சி இரண்டு பக்கமும் பறக்க, அவர் தோளை ஆட்டி ஆட்டி மிதித்துக்கொண்டிருந்தார். 2 நிமிடம் 51 விநாடி போனது. ராத்திரி ஹைலைட்ஸில் அந்த ஐந்து கிலோமீட்டரைத்தான் விரிவாகக் காட்டினார்கள். ஆனால் அவரை உடைத்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்னால், இரண்டு மலைக்கு அந்தப் பக்கம் நடந்த அடி. அந்த ஸ்டேஜின் முழுப் பதிவு கிடைத்தால் டெலிகிராஃப் ஏற்றத்திலிருந்து பாருங்கள்.

நண்பனோடு சேர்ந்து பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பேர் திரைக்கும் நடுவே 30, 40 விநாடி வித்தியாசம் வரும். அவன் கத்திய பிறகுதான் எனக்குப் பாய்ச்சல் தெரியும். இப்போது திரையில் மீதிக் கிலோமீட்டர் மாறும் கணத்தில் இருவரும் “நாப்பது” என்று சொல்லிப் பார்த்து, முன்னால் இருப்பவன் நிறுத்தி ஓட்டிக்கொள்கிறான். ஆரம்பத்தில் தொந்தரவாக இருந்தது, பழகிவிட்டது.

எல்லா நாளையும் முழுதாகப் பார்க்கச் சொல்லமாட்டேன். 2017-லிருந்து ஒவ்வொரு ஸ்டேஜையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நேரலையாகக் காட்டுகிறார்கள் என்பதற்காக ஐந்து மணி நேரமும் உட்கார வேண்டியதில்லை. காற்றில்லாத சமதள நாளில் கடைசி 15 கிலோமீட்டர் போதும். மூன்றாவது வாரத்து நடுத்தர மேடு பள்ள நாட்களில் தலைகீழ்: முதல் ஒரு மணி நேரம்தான் சுவை. பிரேக் அவே, அதாவது கூட்டத்தை விட்டுப் பிரிந்து முன்னால் ஓடும் சிறு குழு, கிளம்புவதும் பிடிபடுவதுமாக 50, 60 கிலோமீட்டருக்குச் சண்டை நடக்கும். நல்ல கூட்டணி ஒன்று கிளம்பியதும் பெலோட்டான் மொத்தமும் மூச்சு விட்டு ரோட்டை அடைத்துக்கொண்டு மெதுவாகும். அந்தக் கணத்தைப் பார்த்துவிட்டால் டீ போடப் போகலாம். பிரேக் அவே தாங்குமா என்பதற்கு பிரெஞ்சு வர்ணனையாளர் ஷாபாத்தின் பெயரால் ஒரு பழைய கணக்கு உண்டு: பெலோட்டான் 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் குறைக்கும். 30 கிலோமீட்டருக்கு 3 நிமிடம் கையில் இருந்தால் மயிரிழை. ரேடியோவும் கணினியும் வந்த பிறகும் நாங்கள் அதை வைத்துத்தான் சண்டை போடுகிறோம்.

குறை சொல்ல வேண்டுமென்றால், 2020-லிருந்து 2025 வரை ஆறு டூரையும் பொகாச்சார், விங்ககோ என்று இரண்டே பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். 2024-ல் பொகாச்சார் 6 நிமிடத்துக்கு மேல் முன்னால். முதலிடத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அது வெறுப்பாகத்தான் இருக்கும். நான் கண்ணை வேறு பக்கம் திருப்பக் கற்றுக்கொண்டேன். அதே 2024-ல் எரித்திரியாவின் பினியம் கிர்மாய் டுரினில் வென்று, புள்ளிக் கணக்கில் முதலிடத்துக்கான பச்சை ஜெர்சியோடு டூரை முடித்தார். பிரிட்டனின் ஸ்பிரின்டர் மார்க் கேவென்டிஷ் முதல் நாளே வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டு கடைசிக்குப் போய்விட்டார். அவர் அணியினர் தங்கள் பந்தயத்தை விட்டுவிட்டு, தாண்டினால் வெளியேற்றப்படும் நேரக் கெடுவுக்குள் அவரைக் கொண்டுசேர்க்க அவரைச் சுற்றியே ஓட்டினார்கள். முன்னால் ஸ்டேஜுக்கு நடந்த சண்டையைவிட அதைத்தான் அன்று நாங்கள் அதிகம் பேசினோம். நான்கு நாள் கழித்து சான் வுல்பாவில் அவர் தன் டூர் வாழ்க்கையின் 35-ஆவது ஸ்டேஜை வென்று, பழைய ஜாம்பவான் எடி மெர்க்ஸின் 34 என்ற சாதனையைத் தாண்டியபோது, நண்பனும் நானும் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை.