ஸே, டெல்: ஆறு வாரம் போய்வந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதுவதே பாதி வேலை. ஒன்பது வருடமாக எழுதியும், 'சொன்னார்' என்று வருகிற இடத்தில் கை நின்றுவிடும். 'ஸெட்' போடுவதா, 'டோல்ட்' போடுவதா? போன மார்ச்சில் 'டையிங் மாஸ்டர் ஸெட் மீ' என்று நான் எழுதியதை மேனேஜர் எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தார். அன்று சாயங்காலமே வீட்டுப் பக்கத்திலுள்ள இந்த வகுப்பில் சேர்ந்தேன். வாரம் மூன்று நாள், இரவு 7 முதல் 8.30 வரை, கட்டணம் 3,500 ரூபாய்.

முதல் இரண்டு வாரம் டென்ஸ், பழைய பாடம்தான். மூன்றாவது வாரத்தில் நடந்த ஒரு வகுப்புக்கே முழுப் பணமும் தகும்.

அன்று டீச்சர் போர்டில் 'ஸே' என்று எழுதி, பக்கத்தில் ஒரு வாய் வரைந்தார். 'டெல்' என்று எழுதி ஒரு காது வரைந்தார். "நமக்கு ரெண்டுக்கும் 'சொல்லு' ஒண்ணே போதும். அங்கே வாயிலிருந்து என்ன வந்ததுன்னா ஸே. யார் காதுக்குப் போச்சுன்னா டெல்" என்றார். அதனால் 'டோல்ட்' வந்தால் அடுத்து ஆள் வரவேண்டும்: டோல்ட் மீ, டோல்ட் தி பையர். 'ஸெட்'டுக்கு ஆள் வேண்டாம். ஆளைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் நடுவில் 'டூ' போட வேண்டும். 'என்கிட்ட சொன்னார்' என்று மனதில் ஓடுவதால், அந்த 'கிட்ட'வுக்காக 'டோல்ட் டூ மீ' என்று வேண்டாத டூவை நாமே நுழைக்கிறோம். பள்ளிக்கூடத்தில் இதை எனக்கு யாரும் இப்படிப் பிரித்துக் காட்டவில்லை.

"டெல் எ லை என்கிறார்களே, அதில் காது எங்கே மேடம்?" என்று பின்வரிசைப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. பொய், உண்மை, கதை, மணி இவற்றுக்கு ஆள் இல்லாமலும் டெல்தான்; பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று மறைக்காமல் சொன்னார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: டெல் என்பதற்கு எண்ணுதல் என்றும் பழைய பொருள் உண்டாம். பேங்கில் பணம் எண்ணித் தருகிறவர் 'டெல்லர்' ஆனது அப்படித்தான். எனக்கு இது மனதில் ஆணியாய் இறங்கிவிட்டது.

குறைகளும் உண்டு. ஒரு பேட்சில் 28 பேர். எழுந்து பேச வாரத்துக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். வெளிநாட்டுக்காரர் போனில் பேசுவதைக் கேட்டுப் பழகப் பயிற்சியே இல்லை, எங்கள் ஊருக்கு அதுதானே முக்கியம்? கொடுத்த ஜெராக்ஸ் நோட்ஸில் ஆள் இல்லாமல் 'ஹி டோல்ட் தட்' என்றே அச்சாகியிருந்தது. காட்டியதும் டீச்சர் எல்லார் தாளிலும் திருத்தச் சொன்னார்.

சேர்வதானால் சனிக்கிழமை பேட்சைக் கேளுங்கள். அதில் பன்னிரண்டு பேர்தான் என்றார்கள். கம்பெனியில் சனிக்கிழமைதான் ஷிப்மென்ட் என்பதால் எனக்கு முடியவில்லை.