எம்ஜிபி எஞ்சினுக்கு ஏஆர்பி கன்ராடு போல்ட்: எந்த செட், எவ்வளவு வேலை

1798 சிசி எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) எஞ்சினைப் பிரித்தாயிற்று என்றால், பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் கன்ராடின் பழைய போல்ட்டைத் துடைத்து மறுபடி போடுகிற பேச்சே வேண்டாம்ங்க. வெளியே பளிச்சென்று இருக்கும். விரிசல் மரையின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஆரம்பித்திருக்கும்.

'பவர் ஏற்றலையே, ஸ்டாண்டர்டு போல்ட்டே தாங்கும்' என்பார்கள். ஆனால் போல்ட்டை இழுப்பது பவர் இல்லை, ஆர்பிஎம். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவில் பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும்போது, அதைப் பிடித்து இழுக்கும் பாரம் முழுக்க போல்ட் மேல்தான். அந்த இழுவை வேகத்தின் வர்க்கமாக ஏறும்: 5,000-லிருந்து 6,000-க்குப் போனால் 44 சதவீதம் கூடுதல். இந்த எஞ்சினுக்கு ஸ்ட்ரோக்கும் நீளம், 88.9 மி.மீ. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, தப்பிப்போய் ஒரு கியர் கூடுதலாகக் குறைத்தால், அந்த ஒரு நொடி போதும்.

ஆர்டர் போடும் முன் ராடைப் பாருங்கள். முந்தைய எஞ்சின்களில் கேப் (ராடின் கீழ்முனையைக் கிராங்கோடு பூட்டும் மூடி) சாய்வாக வெட்டியிருக்கும், போல்ட் ராடுக்குள்ளேயே முறுக்கும். எஞ்சின் எண் 18வி என்று தொடங்கும் பிந்தைய எஞ்சின்களில் வெட்டு நேராக இருக்கும், போல்ட்டும் நட்டும் தனித்தனி. ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்குச் சேராது. நான்கு ராடுக்கு எட்டு போல்ட்.

ஏஆர்பி என்ற அமெரிக்க போல்ட் கம்பெனியில் 8740 குரோம்-மாலி செட் ரோட்டுக்குத் தாராளம்; அதன் இழுவலிமை சுமார் 1,80,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு). ஏஆர்பி2000 ரகம் 2,20,000 பக்கம் வரும். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓட்டுபவர்களுக்கு அது நியாயம், வாரக்கடைசி வண்டிக்கு வீண் செலவு. எல்19 ரகத்தின் பக்கமே போகாதீர்கள்: வலிமை அதிகம்தான், ஆனால் ஈரமும் கைவியர்வையும் பட்டாலே விரிசல் விடக்கூடிய உலோகம் அது.

கோயமுத்தூர் போல்ட் கடையில் 12.9 ஆலன் போல்ட் வாங்கிப் போடலாமே என்று சில பட்டறைகளில் சொல்வார்கள். 12.9 என்றால் 1,200 எம்பிஏ, அதாவது சுமார் 1,74,000 பிஎஸ்ஐ, 8740-க்குக் கிட்டத்தட்ட சமம்தான். கோளாறு வலிமையில் இல்லை. கேப்பை நகராமல் பிடிக்க ஓட்டைக்கு இறுக்கமாக உட்காரும் உடல் பகுதி அதில் கிடையாது. தலைக்கடியில் உள்ள வளைவும் ராடுக்குப் பொருந்தாது. ஜிங்க் முலாம் பூசியதாக இருந்தால் இன்னும் மோசம், ஹைட்ரஜன் ஏறி நொறுங்கக்கூடும். அதேபோல அம்பாசடர் எஞ்சினும் இதே பி-சீரிஸ் குடும்பம்தானே என்று அதன் போல்ட்டை எடுத்துப் போடுவதும் வேண்டாம். உடல் விட்டம், நீளம், மரை மூன்றையும் அளந்து ஒத்துப்போகாத வரை அது வேறு போல்ட்.

போல்ட் விலையோடு கஸ்டம்ஸும் கூரியரும் சேரும்போது கசக்கும். அதைவிட முக்கியமான செலவு மெஷின் ஷாப்பில். புது போல்ட் பிடிக்கும் இறுக்கம் வேறு, அதனால் பிக் எண்ட் (கிராங்கில் உட்காரும் ராடின் கீழ்முனை) ஓட்டை கோணிவிடும். நட்டு வகை ராடில் பழைய போல்ட்டை பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, புதியதைத் தலை முழுக்க உட்காரும்படி ஏற்றி, முழு இறுக்கத்தில் வைத்து போர் கேஜால் மூன்று திசையில் அளக்கச் சொல்லுங்கள். வட்டம் தப்பியிருந்தால் கேப் முகத்தைத் துளி தேய்த்து, பழைய அளவுக்கு ஹோன் செய்ய (கல்லால் நுணுக்கமாகத் தேய்க்க) வேண்டும். கணபதி, பீளமேடு பக்கம் பம்ப்செட் வேலை பார்த்துக் கை பழகிய பட்டறைகளுக்கு இது பெரிய காரியமில்லை, ஆனால் நீங்கள் கேட்காமல் செய்ய மாட்டார்கள். பேரிங் இடைவெளி 0.001 முதல் 0.0027 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும்.

இறுக்கும் அளவுக்கு வண்டியின் பழைய மேனுவலைப் பார்க்கக் கூடாது. செட்டோடு வரும் தாள்தான் கணக்கு. அந்த எண்ணும் அவர்கள் சொல்லும் கிரீஸுக்கு மட்டும்தான். எஞ்சின் ஆயில் தடவினால் உராய்வு மாறும், அதே டார்க்கில் இறுக்கம் குறையும். மரையிலும் நட்டின் அடியிலும் கிரீஸ் தடவி, இரண்டு மூன்று முறை இறுக்கித் தளர்த்திய பிறகு கடைசி இறுக்கம். போல்ட்டின் இரண்டு முனையும் எட்டும் இடத்தில் டார்க் ரெஞ்சைவிட, போல்ட் எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் ஸ்ட்ரெட்ச் கேஜை நம்பலாம்.

மாட்டும் முன் ஒவ்வொரு போல்ட்டின் நீளத்தையும் அளந்து, எந்த ராடு என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை கழற்றும்போது 0.001 அங்குலம் நீண்டிருந்தால் அந்த போல்ட் குப்பைக்கு.