கிளினிக் கொப்பியோடு சில வருடங்கள்: எது உதவியது, எது இன்னும் மாற வேண்டும்

அம்மாவுக்குச் சீனியும் பிரஷரும். மாதத்துக்கு ஒருமுறை பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். கொஞ்சம் கொஞ்சமாக அங்கே பல மாற்றங்கள் வந்திருக்கின்றன.

அதில் நிஜமாகவே உதவியது, நேரம் போட்டு நம்பர் கொடுத்ததுதான். முன்பு விடியுமுன்னே தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இப்போது அடுத்த தேதியோடு நேரத்தையும் கொப்பியிலேயே எழுதிவிடுகிறார்கள். டொக்டரைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். ஆனால் கூட்டம் அப்படியே மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் போய்விட்டது. கிளினிக் ஆட்களுக்கும் ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) ஆட்களுக்கும் அங்கே ஒரே வரிசை. அதைப் பிரிக்காதவரை வீடு திரும்பும் நேரம் மாறப்போவதில்லை. கொழுந்தெடுக்கிறவர்களுக்கு அன்றைக்குப் பேர் (வேலை நாள் பதிவு) விழாது. அந்த நாட்சம்பளம் போனது போனதுதான்.

2022 தட்டுப்பாட்டில் மருந்து இல்லை என்பதே வரிசையின் கடைசியில்தான் தெரியும். இப்போது இல்லாத மருந்துகளைக் காலையிலேயே பலகையில் எழுதிப் போடுகிறார்கள். நல்ல வேலை.

எனக்கு மனம் ஆறாத விஷயம் மருந்து உறை. எழுத்தெல்லாம் சிங்களம். அம்மா குளிசையின் அளவை வைத்துத்தான் அடையாளம் பிடிப்பார். கம்பெனி மாறினால் மெட்ஃபோமின் குளிசையின் அளவும் மாறிவிடும். "இது நம்ம மருந்து இல்லையே" என்று எடுத்து வைத்துவிடுவார். ஒருநாள் ஜன்னலில் தமிழ் தெரிந்த மிஸ் ஒருவர் இருந்தார். "அம்மா, இது அதே சீனி மருந்துதான். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்ட பிறகு" என்றார். அந்த மாதம் ஒரு வேளைகூடத் தவறவில்லை. தமிழும் அரசகரும மொழி என்று இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொன்னது 1987இல். உறையில் தமிழிலும் நாலு வார்த்தை அச்சடிக்க இத்தனை காலமா?

அப்புறம், 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பினார்கள். அதை மறுபடி கொண்டுவர வேண்டும். ஆனால் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பலருக்கு வீட்டு முகவரியே கிடையாது, கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அதனால் சீனியும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இருப்பவர்களின் மருந்தைத் தோட்ட டிஸ்பென்சரிக்கு அனுப்பட்டும். வேலை முடிந்து வரும் வழியில் கொப்பியைக் காட்டி வாங்கிக்கொள்வார்கள். டொக்டரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும் என்றால், ஜன்னல் வரிசையும் தானாகக் குறையும்.