கண் முகாமுக்கு எந்த விளம்பரம்: சுவரொட்டியா, ஃப்ளெக்ஸா, வாட்ஸ்அப் படமா?

விளம்பரம் செய்ய வேண்டும் என்றதும் "எத்தனை அடிக்குப் போடலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். யார் படிக்கப்போகிறார், எங்கே நின்று படிக்கப்போகிறார் என்ற கேள்வி அதற்கு முன்னால் வர வேண்டும். ஒரு சிற்றூரில் நடக்கும் இலவச கண் சிகிச்சை முகாமை இங்கே எடுத்துக்கொள்கிறேன். வடிவமைப்பவருக்கு இதைவிடக் கடினமான தேர்வு இருக்க முடியாது. யாருக்காக அச்சிடுகிறோமோ அவருக்கே கண் சரியாகத் தெரியாது. அப்படியிருந்தும், ஒரே கோப்பைச் சுவரொட்டியாகவும் ஃப்ளெக்ஸாகவும் வாட்ஸ்அப் படமாகவும் மூன்று அளவில் எடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மூன்றும் செய்யும் வேலை வெவ்வேறு. முகாம் நடத்துபவர் கையில் இருக்கும் சிறு தொகையை எதில் போடுவது என்று பார்க்கலாம்.

முதலில் அந்த வாசகரைத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்புரை வந்தவருக்கு எழுத்து மங்கித் தெரியும், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடும் குறைந்து தெரியும். பளபளப்பான பரப்பில் வெளிச்சம் பட்டால் கண் கூசும். விழிலென்ஸ் மஞ்சளாவதால் நீலமும் ஊதாவும் வலுவிழந்துபோகும். ஆனால் முகாம் விளம்பரங்களில் நீங்கள் அடிக்கடி பார்ப்பது நீலப் பின்னணியும், பளபளக்கும் ஆர்ட் தாளும்தான். மருத்துவம் என்றால் நீலம் என்ற பழக்கத்தால் வந்தது இது. இன்னொரு வாசகரும் இருக்கிறார்: பெரியவரை அழைத்துவரப்போகும் மகள், பேரன், பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கு எழுத்து தெரியும், ஆனால் நேரம் இருக்காது.

சுவரொட்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் ஓட்டு அதற்குத்தான். டெம்மி தாள் ஏறத்தாழ 18 அங்குல அகலமும் 23 அங்குல உயரமும் கொண்டது. டீக்கடைச் சுவர், பஸ் நிறுத்தம், ரேஷன் கடை வாசல், கூட்டுறவுப் பால் சங்கம் போன்ற இடங்களில் மக்கள் நிற்பார்கள், காத்திருப்பார்கள். கைநீட்டும் தூரத்தில், நின்ற இடத்தில் படிக்கப்படுவது சுவரொட்டி மட்டுமே. ஆகவே விவரத்துக்கு அதில் இடம் உண்டு. ஆஃப்செட் அச்சு முறையில் பிளேட் (அச்சுத் தகடு) போடும் செலவு நூறு தாள் ஓட்டினாலும் ஆயிரம் தாள் ஓட்டினாலும் மாறாது. நான்கு வண்ணத்துக்கு நான்கு பிளேட், ஒற்றை வண்ணத்துக்கு ஒன்று. மஞ்சள் தாளில் கறுப்பு மை ஓட்டினால் செலவும் குறைகிறது, புரை விழுந்த கண்ணுக்கும் எழுத்து எடுப்பாகத் தெரிகிறது. மலிவானதே சிறந்ததாகவும் அமையும் வாய்ப்பு இந்தத் தொழிலில் எப்போதாவதுதான் கிடைக்கும். அதை விட்டுவிடக் கூடாது. தாளும் ஆர்ட் தாளாக வேண்டாம், பளபளப்பில்லாத மேப்லித்தோ போதும்.

இனி எழுத்து. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. ஒரு சொல்லைத் தூக்கிக் காட்ட அளவையும் தடிமனையும் மட்டுமே நம்ப வேண்டும். பெரும்பாலானவர்கள் "இலவசம்" என்பதைத்தான் மிகப் பெரிதாகப் போடுகிறார்கள். நான் "கண்" என்பதைப் போடுவேன். இரண்டே எழுத்து, தாளின் அகலம் முழுவதையும் அதற்குக் கொடுத்தால் ஐந்தாறு அங்குல உயரத்தில் நிற்கும். அங்குலத்துக்குப் பத்தடி என்று பெயர்ப்பலகை எழுதுபவர்கள் வைத்திருக்கும் கணக்குப்படி, நல்ல கண்ணுக்கு ஐம்பதடிக்கு அப்பாலிருந்தும் தெரியும். மங்கிய கண்ணுக்குச் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்தாவது தெரியும். அதற்குக் கீழே "இலவச சிகிச்சை முகாம்", பிறகு தேதியும் கிழமையும், பிறகு இடம். இந்த நான்கும் தாளின் முக்கால் பங்கை எடுத்துக்கொள்ளட்டும்.

எழுத்துருவில் ஒரு எச்சரிக்கை. மிகத் தடித்த எழுத்துருவை மெல்லிய தாளில் ஓட்டினால் மை சற்றுப் பரவும். "ண"வின் சுழிகள் அடைபடும், புள்ளி உடலோடு ஒட்டிக்கொள்ளும். முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன; சுழிகளுக்குள் காற்றோட்டம் உள்ளவை. எழுத்துக்குச் சிவப்பு ஓரம், வெள்ளை ஓரம், அதற்கும் ஒரு நிழல் என்று அடுக்குவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பார்வை குறைந்தவருக்கு அந்த ஓரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே கறையாகத்தான் தெரியும்.

எப்படிச் செய்வது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டுத் தெருக்களில் மிகச் சிறப்பாக வேலை செய்யும் சுவரொட்டி "கண்ணீர் அஞ்சலி"தான். ஒரு முகம், ஒரு பெயர், ஒரு தேதி. சைக்கிளை நிறுத்தாமலே ஊர் படித்துவிடுகிறது. முகாம் சுவரொட்டியில் முகங்கள் ஏழெட்டு: தலைவர், செயலாளர், பொருளாளர், புரவலர், அவர்களுக்கு மேலே கட்சிக்காரர். முகாம் அவர்கள் பணத்தில் நடப்பது உண்மை. மரியாதை செய்யத்தான் வேண்டும். பெயர்களை அடியில் ஒரு வரிசையில் போடலாம். படங்களுக்கு வேறு இடம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

படம் வேண்டுமா? இணையத்தில் எடுத்த நீல விழிக் கண் ஒன்று முகாம் விளம்பரங்களில் நிரந்தரமாகக் குடியேறியிருக்கிறது. அதைப் பார்த்து எந்த ஊர்ப் பாட்டியும் இது தனக்கானது என்று நினைக்கமாட்டார். அறுவை சிகிச்சைக்குப் பின் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கும் ஒரு பெரியவரின் உருவம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த காட்சி. ஒற்றை வண்ணத்தில் புகைப்படம் திட்டுத் திட்டாக விழும் என்பதால் கோட்டோவியமாக வரைந்து போடுவது நல்லது.

சுவரொட்டியின் குறைகளும் தெரிந்தவைதான். ஒரு மழையில் உரிந்துவிடும், மறுநாளே வேறொருவர் மேலே ஒட்டிவிடுவார், மைதாப் பசைக்காக மாடு கிழித்துத் தின்னும். திறந்தவெளி இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அரசுச் சுவரிலும் பாலத்தூணிலும் ஒட்டுவது குற்றம். கடைக்காரரிடம் கேட்டு, கடைக்குள்ளேயே கண்மட்டத்தில் ஒட்டினால் மழைக்கும் மாட்டுக்கும் வழக்குக்கும் தப்பும். ஐம்பது தாளே போதும் என்ற நிலையில் ஆஃப்செட் வேண்டாம். 12க்கு 18 அங்குல டிஜிட்டல் அச்சு எடுத்துக்கொள்ளலாம்.

ஃப்ளெக்ஸ் பக்கம் வருவோம். காலையில் கோப்பைக் கொடுத்தால் மாலையில் கைக்கு வரும், மழையில் நனையாது, ஒன்றே ஒன்று போதும் என்றாலும் அச்சடித்துத் தருவார்கள். இந்த வசதிகளை மறுக்க முடியாது. ஆனால் அது பெரிதாக இருப்பதால் நிறையச் சொல்லும் என்று நினைப்பது தவறு. ஆறு அங்குல எழுத்து அறுபதடியில் தெரியத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ் அந்தத் தூரத்தை இரண்டு வினாடிக்குள் கடந்துவிடும். அதற்குள் படிக்க முடிவது மூன்று நான்கு சொற்கள். "கண் முகாம், ஞாயிறு, அரசுப் பள்ளி" என்பதோடு நிறுத்த வேண்டும். சுவரொட்டியின் உள்ளடக்கத்தை அப்படியே பெரிதாக்கி மாட்டினால், பெரிதாகத் தெரிவது முகங்கள் மட்டுமே.

ஃப்ளெக்ஸ் என்றால் நான் தயங்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் உண்டு. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலையின் நடுவே அனுமதியின்றி வைக்கப்பட்ட பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் ஒருவர் நிலைதடுமாறி, பின்னால் வந்த லாரி ஏறி இறந்தார். ஒரு திருமண வாழ்த்துப் பேனர் அது. பார்வை காக்கும் முகாமுக்காக அப்படி ஒரு பேனர் சட்டகத்தைச் சாலையோரத்தில் நட எனக்கு மனம் வராது. 100 மைக்ரானுக்குக் குறைந்த தடிமன் கொண்ட பிவிசி (பிளாஸ்டிக்) பேனர்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடையும் இருக்கிறது. முகாம் நடக்கும் பள்ளியின் வாசலில், சுவரோடு சேர்த்து இறுக்கிக் கட்டிய ஒரே ஒரு ஃப்ளெக்ஸ் போதும். அன்று அதன் வேலை, வந்து இறங்குபவருக்கு வழி காட்டுவது. புரவலர்களின் படங்களுக்கு உரிய இடமும் அதுதான்: அவர்கள் நேரில் நிற்கப்போகும் இடம்.

வாட்ஸ்அப் படம் செலவில்லாதது என்பதால் அக்கறையில்லாமல் செய்யப்படுகிறது. உண்மையில் அழைத்துவரப்போகும் அந்தப் பேரனை எட்டும் ஒரே வழி அதுதான். அவன் திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கலாம். டெம்மி அளவுச் சுவரொட்டியை அப்படியே அனுப்பினால், ஏழு சென்டிமீட்டர் அகலத் திரையில் அரை அங்குல எழுத்து இரண்டு மில்லிமீட்டராகச் சுருங்கும். போதாததற்கு, அனுப்பும்போதே செயலி படத்தை அழுத்திச் சிறிதாக்கிவிடும்; மெல்லிய எழுத்தின் ஓரங்கள் சிதையும். ஆகவே இதற்குத் தனியாக ஒரு படம் செய்ய வேண்டும்: 1080க்கு 1920 பிக்சல் என்ற செங்குத்து அளவில், ஐந்தாறு வரிக்கு மேல் இல்லாமல். தொலைபேசி எண்ணைப் படத்துக்குள் மட்டும் வைக்காமல், கீழே எழுத்தாகவும் தட்டச்சு செய்து அனுப்பினால் விரலால் தொட்டே அழைக்கலாம். க்யூஆர் குறியீட்டை இதில் போடுவது வீண்; அந்தக் கைப்பேசியே அந்தக் கைப்பேசியின் திரையைப் படம் பிடிக்க முடியாது.

இங்கே ஆண்டை எழுதுவது மிக முக்கியம். "வரும் ஞாயிறு" என்று மட்டும் போட்ட படம் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்த ஆண்டு யாரோ நல்லெண்ணத்தோடு அதை மறுபடி அனுப்ப, ஒரு மூதாட்டி பஸ் ஏறி வந்து பூட்டிய பள்ளி முன் நிற்பார். தேதி, மாதம், ஆண்டு, கிழமை நான்கும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

துண்டுப் பிரசுரத்தை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை என்றாலும் ஒரு வார்த்தை: சுவரொட்டியில் அடங்காத விவரங்களுக்கு அதுவே இடம். இலவசம் என்று தெரிந்தும் பெரியவர்கள் வராமல் போவதற்குப் பயம், பஸ் செலவு, கூட வர ஆளில்லாமை ஆகியவை காரணங்கள். 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாமில் தேர்வானவர்களைத் தானே வண்டியில் அழைத்துப்போய், தங்குமிடமும் உணவும் கொடுத்து, அறுவை சிகிச்சைக்குப் பின் திருப்பிக் கொண்டுவந்துவிடும் முறையை வளர்த்தது இதை உணர்ந்துதான். எத்தனை நாள் தங்க வேண்டும், சாப்பாடு உண்டா, ஆதார் நகலும் குடும்ப அட்டை நகலும் வேண்டுமா, சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் அதில் எழுதலாம். சுவரொட்டியில் "போக்குவரத்து, உணவு, தங்குமிடம் இலவசம்" என்ற ஒரு வரி மட்டும் கட்டாயம் இருக்கட்டும்.

ஆக என் தீர்ப்பு: பணத்தில் பெரும்பங்கு மஞ்சள் தாள் சுவரொட்டிக்கு, உழைப்பில் பெரும்பங்கு வாட்ஸ்அப் படத்துக்கு, ஃப்ளெக்ஸ் வாசலில் ஒன்று. புதிதாகத் திறக்கும் கடையென்றால் இந்த வரிசை மாறும். சொந்தக் கட்டடத்தின் முகப்பில் வைக்கும் பலகை அங்கே முதலிடம் பெறும். இசை நிகழ்ச்சிக்கோ நான்கு வண்ணமும் நல்ல புகைப்படமும் தேவைப்படும்.

எதுவானாலும் புரூஃப் (அச்சடிக்கும் முன் தரும் மாதிரித் தாள்) பார்ப்பதை அடுத்தவரிடம் விடாதீர்கள். அச்சகங்கள் சிலவற்றில் இன்னும் பாமினி, ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துரு முறைகள் ஓடுகின்றன. நீங்கள் கைப்பேசியில் யூனிகோடில் (இன்றைய பொது எழுத்துக் குறியீட்டு முறையில்) அனுப்பியதை அங்கே மாற்றுவார்கள், அல்லது திரும்பத் தட்டச்சு செய்வார்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதும், "ன"வும் "ண"வும் குழம்புவதும் அப்போதுதான். தேதிக்கு நேரே உள்ள கிழமையை நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொலைபேசி எண்ணைக் கண்ணால் சரிபார்ப்பதோடு நிறுத்தாமல், புரூஃப் தாளைக் கையில் வைத்துக்கொண்டே அந்த எண்ணை அழைத்துப் பாருங்கள். எடுப்பவர் முகாம் பற்றிக் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவரா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.