ரெஸ்யூமேவை விட வேலைக் குறிப்பு ஃபைல்தான் உதவியது: தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஆபீசில் (இறக்குமதிச் சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துத் தரும் ஏஜென்சி) இறக்குமதி டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். வீடு தண்டையார்பேட்டை. இந்தத் துறையில் கம்பெனி மாறுவது சகஜம் என்பதால் பல வருஷமாக ஏதாவது ஒரு வடிவில் ரெஸ்யூமே என் கூடவே இருந்துகொண்டிருக்கிறது. பிரவுசிங் சென்டர் பயோடேட்டா, டெம்ப்ளேட் ஆப், கூகுள் டாக்ஸ், வேலைத் தளங்கள் எல்லாவற்றையும் பயன்படுத்தியாகிவிட்டது. எது தாக்குப் பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று எழுதுகிறேன். ஐடி வேலைக்கு ரெஸ்யூமே போடுவது பற்றி ஆயிரம் பேர் சொல்லியிருக்கிறார்கள். ஹார்பர், சிஎஃப்எஸ் (கன்டெய்னர் சரக்குக் கிடங்கு), மணலி, எண்ணூர் பக்கம் வேலை தேடுகிறவர்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

பிரவுசிங் சென்டரில் பத்து நிமிஷத்தில் பயோடேட்டா கைக்கு வந்துவிடும். அப்பா பெயர், மதம், கல்யாணம் ஆனதா, தெரிந்த மொழிகள், கடைசியில் ‘மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை’ என்று உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து. சில சமயம் முன்னால் வந்துபோனவரின் பொழுதுபோக்கு உங்கள் பக்கத்தில் மிச்சமிருக்கும். கடைக்கார அண்ணனைக் குறை சொல்ல முடியாது, அவர் வாங்குவது டைப்பிங் காசு. படித்து முடித்ததும் முதல் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது போதும். அங்கே மார்க் ஷீட்தான் பேசும். நாலு வருஷ அனுபவம் சேர்ந்தவருக்கு இந்த ஃபார்மட்டில் அதை எழுத இடமே இருக்காது. இன்னொன்று, தமிழில் விண்ணப்பம் அடிக்கச் சொன்னால் யூனிகோடில் அடிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு ஃபைல், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும்.

அடுத்தது டெம்ப்ளேட். இடப்பக்கம் நீலப் பட்டை, வட்டத்துக்குள் போட்டோ, எக்செல்லுக்கு ஐந்தில் நாலு நட்சத்திரம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பெரிய கம்பெனிகளிலும் வேலைத் தளங்களிலும் ரெஸ்யூமேவை முதலில் படிப்பது மென்பொருள். பக்கவாட்டில் இரண்டு பத்தியாகப் பிரித்த பக்கத்தைப் பல மென்பொருள்கள் இடமிருந்து வலமாக ஒரே வரியாகப் படித்துவிடும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம்: பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். எங்கள் மாடி வீட்டுத் தங்கை டெம்ப்ளேட்டில் செய்த ரெஸ்யூமேவை “சூப்பரா இருக்குல்லக்கா?” என்று காட்டினாள். ஒட்டிப் பார்த்தோம். ‘டேலி பில்லிங் உதவியாளர் தமிழ் 2021 ஜூன் ஆங்கிலம் முதல்’ என்று ஒரு வரி வந்தது. “இது யாரு ரெஸ்யூமேக்கா?” என்றாள்.

இப்போது நான் வைத்திருப்பது கூகுள் டாக்ஸில் பக்கவாட்டில் பிரிக்காத ஒரே பத்தி, கறுப்பு எழுத்து, டேபிள் கிடையாது, போட்டோ கிடையாது. போனிலேயே திருத்தி, பிடிஎஃப்பாகவோ வேர்டு ஃபைலாகவோ இறக்கிக்கொள்ளலாம். பழைய வடிவம் வேண்டுமென்றால் வெர்ஷன் ஹிஸ்டரியில் இருக்கும். போனில் திருத்தும்போது பிரிண்ட் லேஅவுட்டை ஆன் செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பக்கம் எங்கே முடிகிறதென்று தெரியாது. அழகு என்று பார்த்தால் மார்க் கம்மிதான்.

ஆனால் இத்தனை வருஷத்தில் உண்மையாகக் கைகொடுத்தது ரெஸ்யூமே ஃபைல் இல்லை, அதன் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஃபைல். ‘வேலைக் குறிப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறேன். மாசக் கடைசியில் ஆபீஸ் முடிந்து ட்ரெயினில் வரும்போது அந்த மாதம் என்ன செய்தேன் என்று தோன்றியபடி எழுதிவிடுவேன். எத்தனை பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்காகக் கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் ஆவணம்) போட்டேன், என்ன சரக்கு, கஸ்டம்ஸ் என்ன கொரி (விளக்கம் கேட்கும் கேள்வி) எழுப்பியது, என்ன பதில் கொடுத்துத் தீர்த்தோம். கட்சிக்காரர் (சரக்கை இறக்குமதி செய்யும் வாடிக்கையாளர்) பெயரும் இன்வாய்ஸ் விலையும் எழுதுவதில்லை, அது வெளியே போகக்கூடாத விஷயம். வேலை மாறும் நேரம் வந்தால் இதிலிருந்துதான் ரெஸ்யூமே வெட்டி எடுக்கிறேன். கெமிக்கல் இறக்குமதி அதிகமுள்ள இடத்துக்கு ஒரு வெட்டு, மெஷினரி பார்க்கும் இடத்துக்கு வேறு வெட்டு.

வித்தியாசம் எப்படி இருக்கும் என்றால், குறிப்பு இல்லாமல் உட்கார்ந்தால் ‘இறக்குமதி ஆவணப் பணிகளைக் கவனித்தேன்’ என்றுதான் எழுத வரும். குறிப்பு இருந்தால் இப்படி வரும்: ‘மாதம் சுமார் 60 பில் ஆஃப் என்ட்ரி, செக்லிஸ்ட் தயாரித்து, கட்சிக்காரர் ஒப்புதல் வாங்கி, ஐஸ்கேட்டில் தாக்கல், ஹெச்எஸ் கோடு தொடர்பான கொரிகளுக்குப் பதில், அவுட் ஆஃப் சார்ஜ் வரை பின்தொடர்தல்.’ (ஐஸ்கேட் கஸ்டம்ஸின் ஆன்லைன் தளம், ஹெச்எஸ் கோடு சரக்கை வகைப்படுத்தும் எண், அவுட் ஆஃப் சார்ஜ் என்பது சரக்கை வெளியே எடுக்கக் கஸ்டம்ஸ் தரும் அனுமதி.) இந்த வேலை தெரிந்தவர் இரண்டாவதைப் படித்ததும் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார். அதுதான் வேண்டும். ‘தாமதக் கட்டணம் இல்லாமல் தாக்கல்’ என்ற நாலு வார்த்தைக்கும் நல்ல மதிப்பு உண்டு. 2021 முதல் பொதுவாகக் கப்பல் வருவதற்கு முந்தின நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி போட்டாக வேண்டும். தவறினால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், அதன் பிறகு தினம் 10,000 ரூபாய். கட்சிக்காரரிடம் திட்டு வாங்கிய முதலாளிக்கு இந்த வரியின் அருமை தெரியும்.

எங்கள் துறைக்காரர்கள் ஹெச் கார்டோ ஜி கார்டோ (கிளியரிங் ஆபீஸ் ஊழியர்களுக்குக் கஸ்டம்ஸ் தரும் அட்டைகள்) வைத்திருந்தால் பெயருக்குக் கீழே முதல் வரியிலேயே போடுங்கள். ஜி கார்டு தேர்வு எழுதி வாங்குவது, கஸ்டம்ஸ் ஆவணங்களில் கையெழுத்துப் போடும் உரிமை அதோடு வருகிறது. அதை இரண்டாம் பக்கத்தில் ‘இதர தகுதிகள்’ என்பதற்குக் கீழே ஒளித்துவைத்த ரெஸ்யூமேக்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். ‘டைனமிக்’, ‘ஹார்டு வொர்க்கிங்’ என்று தொடங்கும் அப்ஜெக்டிவ் பத்தியை எடுத்துவிட்டால் இடம் தானாகக் கிடைக்கும். ஏஐ எழுதித் தரும் பத்தியும் இதே ரகம்தான், இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் சுத்தமாக இருக்கும். இலக்கணம் சரிபார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன்.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குத் தனித் தலைவலி. மார்க் ஷீட்டில் முன்னால் இனிஷியல், ஆதாரில் பின்னால் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. ஆன்லைன் விண்ணப்பத்தில் சர்நேம் கட்டாயம் என்று நிற்கும். நான் பான் கார்டில் இருக்கிறபடியே ரெஸ்யூமே, மெயில், வேலைத் தளம் எல்லா இடத்திலும் போடுகிறேன். ஆஃபர் வந்த பிறகு நடக்கும் சரிபார்ப்பில் கேள்வி குறைகிறது.

முகவரி பற்றியும் சொல்லவேண்டும். வியாசர்பாடி, காசிமேடு என்று பார்த்தாலே முகம் மாறுகிற ஹெச்ஆர் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்காக அண்ணா நகர் சித்தப்பா வீட்டு முகவரியைப் போடுவது எனக்குப் பிடிக்காது. முழு முகவரி ரெஸ்யூமேவில் தேவையே இல்லை, ‘சென்னை 600 081’ போதும். ஹார்பர், மணலி, எண்ணூர் வேலையென்றால் ஏரியா பெயரைத் தாராளமாகப் போடுங்கள். ராத்திரி கன்டெய்னர் வந்தால் பக்கத்திலிருந்து வரக்கூடிய ஆள் என்பது அங்கே தகுதி. கிண்டிப் பக்கம் விண்ணப்பித்தால் ‘மெட்ரோ வழித்தடத்தில் வீடு’ என்று மெயிலில் ஒரு வரி சேர்ப்பேன். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து “அவ்வளவு தூரம் எப்படிம்மா வருவீங்க?” என்ற கேள்விக்குப் பதில் சுலபமாகிவிட்டது.

கவரிங் லெட்டர் என்று தனி ஃபைல் இணைப்பதை விட்டுவிட்டேன். மெயிலிலேயே ஐந்தாறு வரி. சப்ஜெக்டில் வேலையின் பெயர், அனுபவம், நோட்டீஸ் பீரியட். ஃபைலுக்கு என் பெயரும் வேலையும். ‘ரெஸ்யூமே நியூ ஃபைனல் 2’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை யார் தேடி எடுப்பார்கள்? வேலைத் தளங்களைப் பொறுத்தவரை, புரொஃபைலை அவ்வப்போது தொட்டுத் திருத்தினால் அழைப்பு கொஞ்சம் கூடுகிறது. காசு கட்டிச் சேரும் திட்டம் ஒரு தளத்தில் எடுத்துப் பார்த்தேன். எனக்கு வந்ததெல்லாம் இன்சூரன்ஸ் விற்கும் வேலைகள்.

சான்றிதழ்களில் மார்க் ஷீட் டிஜிலாக்கரில் கிடைத்துவிடுகிறது. ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு இரண்டையும் வேலையை விடுகிற வாரத்திலேயே வாங்கி ஒரே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். அப்புறம் பிஎஃப். சரிபார்க்கிறவர்கள் யுஏஎன் (பிஎஃப்புக்கான நம் எண்) வாங்கி சர்வீஸ் ஹிஸ்டரியில் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டையும் பார்க்கிறார்கள். ரெஸ்யூமேவில் இருக்கும் தேதியும் அதுவும் ஒத்துப்போகவேண்டும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் விலகிய தேதியைப் போடாமலே விட்டுவிட்டார்கள். போன் செய்தால் “போட்டுடறோம்மா” என்பார்கள், அவ்வளவுதான். கடைசியாகப் பிஎஃப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்துவிட்டால் மெம்பர் போர்ட்டலில் அந்தத் தேதியை நாமே போடலாம். போடும்போது நிதானமாகப் பார்த்துப் போடுங்கள், பிறகு மாற்றுவது லேசில்லை. ஓடிபி ஆதாரில் இருக்கும் மொபைல் நம்பருக்குத்தான் வரும், அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள்.